நாடகக் கம்பெனி கலைந்தபின் மாணவர் என் செய்தனர்?

சிலாங்கூர் ஆறு கடலை அடையும் இடத்தில், கோலசிலாங்கூர் நகருக்கு எதிர்க்கரையில் இருப்பது பாசிர் பெனம்பாங் என்னும் மீனவர் ஊர். மலாய் மொழியில் பாசிர் என்பது மணல். பெனம்பாங் என்பது ஆட்களை அக்கரை சேர்க்கும் ஓடத்தையும் ஓடக்காரரையும் குறிக்கும் சொல். ஆற்றை ஒட்டி உள்நாட்டை நோக்கிச் சென்றால் புக்கிட் ரோத்தான், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை எனத் தோட்டங்கள் சூழ்ந்த ஊர்கள் வருகின்றன. பத்தாங் பெர்ஜுந்தை 2007-ஆம் ஆண்டில் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறியது. அப்பகுதியில் ஒரு தோட்டத்தின் பெயரே 'தென்னமரம்'. ஆன்றி ஃபோக்கொன்னியே என்னும் பிரெஞ்சுத் தோட்டக்காரர் 1917-ஆம் ஆண்டில் இந்நாட்டின் முதல் வணிக எண்ணெய்ப்பனைத் தோட்டத்தை அங்கே அமைத்தார். தோட்டம் பிரெஞ்சுக்காரருடையது, பெயர் தமிழருடையது. அம்மண்ணில் உழைத்தவர் யாவர் என்பதற்கு அப்பெயரே சான்று.

பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி ஒன்று இருத்தல் வேண்டும் என 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. அவ்வாறு எழுந்த பள்ளிகள் பல ஓரறைப் பள்ளிகள், ஓராசிரியர் பள்ளிகள். பகலில் அரிச்சுவடி சொல்லிக்கொடுத்த ஆசிரியரே மாரியம்மன் திருவிழாவுக்கும் பள்ளி ஆண்டுவிழாவுக்கும் பிள்ளைகளுக்கு வேடமிட்டு நாடகம் பழக்கும் நிலை பல தோட்டங்களில் இருந்தது. நாடு விடுதலை பெற்ற 1957-ஆம் ஆண்டில் மலாயாவில் 888 தமிழ்ப் பள்ளிகள் இருந்தன. இன்று மலேசியாவில் இருப்பவை ஏறத்தாழ 530. தோட்டம் துண்டாடப்பட்டும், விற்கப்பட்டும், மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தும் பள்ளிகள் மூடப்பட்டன. சில ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன. பள்ளி மூடப்பட்டபோது கரும்பலகையோடு மேடையும் போயிற்று.

மேடை போனபின் அதில் பயின்ற பிள்ளைகள் என் ஆவர் என்பது ஆசிரியர்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய கேள்வி. தோட்டப் பள்ளிகளில் இதற்கு எழுதிவைத்த விடை அரிது. ஆனால் தோட்ட மக்கள் எந்நாட்டிலிருந்து தம் நாடகங்களைக் கொண்டுவந்தனரோ, அத்தமிழ்நாட்டில் இதற்கு விரிவான விடை உண்டு. அதுவே பாலர் நாடகக் கம்பெனிகளின் வரலாறு. நாடகமே பாடமாகவும், நாடகக் கொட்டகையே பள்ளியாகவும் வளர்ந்த சிறுவர் பலர், அப்பள்ளி திடீரென மூடப்பட்ட நாளைக் கண்டவர்கள். அவர்களுள் சிலர் எவ்வாறு பிழைத்தனர், பலர் ஏன் காணாமற்போயினர் என்பதை ஆராய்தல் பயனுடையது.

பள்ளியும் மேடையும் ஒன்றான இடம்

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ் மேடையில் பெரியவர்களால் நடந்த கம்பெனிகள் ஒழுங்கு குலைந்திருந்தன. குடியும் பூசலும், குறித்த நேரத்தில் மேடைக்கு வாராமையும் அவற்றைக் கெடுத்தன. சிறுவரைக் கொண்டு நாடகம் நடத்தினால் கட்டுப்பாடு நிலைக்கும், பாடமும் பிழையாது என்னும் எண்ணம் அந்நாளில் வலுப்பெற்றது. ஜெகந்நாதய்யர் நடத்திய மதுரை பால மீன ரஞ்சனி சங்கீத சபை, சச்சிதானந்தம் பிள்ளையின் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி, யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் கம்பெனி ஆகியவை இவ்வகையில் பேர்பெற்றவை.

இவற்றுள் கல்வி நோக்கில் முதன்மையாக வைத்து எண்ணத்தக்கவர் தூத்துக்குடிச் சீமையிற் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922). 1910-ஆம் ஆண்டில் சமரச சன்மார்க்க நாடக சபையை நிறுவியவர், 1918-ஆம் ஆண்டில் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபைக்கு ஆசிரியராக அமர்ந்தார். நாடகம் எழுதுபவரும், பாட்டுக்கு மெட்டு அமைப்பவரும், பிள்ளைகளுக்கு நடிப்புச் சொல்லிக்கொடுப்பவரும் அவர் ஒருவரே. நாடகக் கம்பெனியில் ஆசிரியரை 'வாத்தியார்' என்றே அழைத்தனர் என்பது கருதத்தக்கது.

பிள்ளைகள் கம்பெனி வீட்டிலேயே தங்கினர். உணவும் உடையும் கம்பெனியைச் சேர்ந்தவை. சிறு தொகை பெற்றோருக்குச் சென்றது. காலையில் பாட்டு, பின்னர் வசனப் பாடம், மாலையில் ஒத்திகை, இரவில் நாடகம். ஒரே பிள்ளை இன்று தோழியாகவும், நாளை நாரதராகவும், பின்னொரு நாள் அரசனாகவும் வர வேண்டும். ஆதலின் தன் பாடத்தோடு பிறர் பாடத்தையும் கேட்டுக் கேட்டு நெஞ்சில் நிறுத்திக்கொள்வது வழக்கமாயிற்று. மேடையில் வேடமில்லாத நாளில் படுதா இழுத்தல், விளக்குப் பார்த்தல், உடை தைத்தல், பின்பாட்டுப் பாடுதல் எனக் கைவேலைகள் பல. பள்ளிக்கூடத்தில் எழுத்தறிவு முற்றுப்பெறாத பிள்ளைகளுக்குச் சுவாமிகளின் விருத்தங்களும் வெண்பாக்களும் செவிவழித் தமிழ்க் கல்வியாக அமைந்தன.

இதன் மறுபக்கத்தையும் மறைத்தல் ஆகாது. ஆறு ஏழு வயதுப் பிள்ளைகள் தாய் தந்தையரைப் பிரிந்து ஊர் ஊராக அலைந்தனர். இரவெல்லாம் விழித்தனர். பாடம் தவறினால் பிரம்படி பெற்றனர். வறுமையே பெரும்பாலான பெற்றோரைத் தம் பிள்ளைகளைக் கம்பெனியில் சேர்க்கத் தூண்டியது. இன்றைய அறநோக்கில் இது குழந்தை உழைப்பே என்பதில் ஐயமில்லை. ஆகவே கம்பெனிகள் மூடப்பட்டதை முழு இழப்பென்று கூறுதலும் பொருந்தாது. மூடப்பட்ட நாளில் அப்பிள்ளைகளுக்கு வேறு வழி ஏதும் ஆயத்தமாக இல்லை என்பதே வருந்தத்தக்கது.

மூடுவதற்குரிய காரணங்கள்

நாடகக் கம்பெனி ஒரு முதலாளியின் கைப்பணத்தை நம்பி நின்றது. ஓர் ஊரில் மழை பெய்து வசூல் குறைந்தால், அடுத்த ஊருக்குச் சீன்களையும் பெட்டிகளையும் ஏற்றிச்செல்ல இரயில் கூலிக்கே கடன் வாங்க நேரும். இரண்டு மூன்று ஊர்களில் தொடர்ந்து நட்டம் வந்தால் சீன்கள் ஈடாகப் போகும். பங்காளிகளுக்குள் பிணக்கு வந்தாலும், ஆசிரியர் மறைந்தாலும், முதன்மை வேடக்காரர் வேறு கம்பெனிக்குச் சென்றாலும் சபை கலையும்.

இவை கம்பெனியின் முடிவுகள். பிள்ளைக்கு மட்டும் உரிய முடிவு ஒன்று உண்டு. பதினான்கு பதினைந்து வயதில் குரல் உடையும். இதனை நாடக உலகினர் 'மகரக்கட்டு' என்பர். நேற்றுவரை கொட்டகையைக் கட்டிப்போட்ட குரல் இன்று மேல் சுதியில் நில்லாது. பாட்டே நாடகமாக இருந்த அக்காலத்தில், குரல் உடைந்த பிள்ளைக்குக் கம்பெனி நடந்துகொண்டிருக்கும்போதே பள்ளி மூடப்பட்டதாயிற்று.

1931-ஆம் ஆண்டில் 'காளிதாஸ்' என்னும் படத்தோடு தமிழ்த் திரை பேசத் தொடங்கியது. நாடகக் கொட்டகைகள் ஒவ்வொன்றாகப் படக் கொட்டகைகளாக மாறின. அதன்பின் கம்பெனிகளின் முடிவு விரைந்து வந்தது.

பன்னிரண்டு வயதில் ஒரு சபை

மூடலுக்கு மாணவர் அளித்த முதல் விடை, தாமே பள்ளியைத் திறத்தல். இதற்குச் சிறந்த சான்று டி. கே. எஸ். சகோதரர்கள். ஸ்திரீபார்ட் நடிகரான கண்ணுசாமிப் பிள்ளையின் மக்களாகிய சங்கரன், முத்துசாமி, சண்முகம் ஆகியோர் 1918-இல் சுவாமிகளின் சபையில் சேர்ந்தனர். 1912 ஏப்ரல் 26-இல் பிறந்த சண்முகத்திற்கு அப்போது வயது ஆறு. இளையவரான பகவதி பின்னர் இணைந்தார்.

இறுதிக் காலத்தில் வாதநோயால் நலிந்த சுவாமிகள் 1922 நவம்பர் 13-இல் புதுச்சேரியில் மறைந்தார். பள்ளிக்கு உயிராக இருந்த ஆசிரியர் போய்விட்டார். மூன்றாண்டு கழியுமுன், 1925 மார்ச் 31-இல் திருவனந்தபுரத்தில் ஸ்ரீ பால சண்முகானந்த சபை தொடங்கப்பெற்றது. எவர் பெயரால் அச்சபை விளங்கியதோ அச்சண்முகத்திற்கு அன்று பதின்மூன்று வயதும் நிரம்பவில்லை.

இச்சிறுவர்க்கு முதலாக இருந்தது பணமன்று. நெஞ்சில் இருந்த பாடமே. சுவாமிகளின் நாடகங்கள் முழுமையாக அவர்கள் நினைவில் இருந்தன. ஆசிரியர் மறைந்தபோதும் பாடம் மறையவில்லை. ஆயினும் பழைய பாடத்தோடு அவர்கள் நின்றுவிடவில்லை. நடிகர் எம். கே. ராதாவின் தந்தையாராகிய எம். கந்தசாமி முதலியாரை ஆசிரியராகப் பெற்றுச் சமூக நாடகங்களைப் பயின்றனர். தம்மிடம் வந்த பிள்ளைகள் படிக்க நூல்களைத் திரட்டினர். கையெழுத்துப் பத்திரிகையும் நடத்தினர். தாம் பயின்ற இடத்தில் பெற இயலாததைத் தம் பிள்ளைகளுக்கு அளிக்க முயன்றனர் என்பது இதனால் விளங்கும்.

1944-ஆம் ஆண்டில் ஈரோட்டில் நாடகக் கலை மாநாடு ஒன்றைக் கூட்டினர். 'அவ்வையார்' நாடகத்தில் மூதாட்டியாக நடித்து 'அவ்வை' சண்முகம் எனப் பெயர்பெற்றவர், 1972-இல் 'எனது நாடக வாழ்க்கை' என்னும் நூலை வெளியிட்டார். அதற்கடுத்த ஆண்டு காலமானார். பாலர் கம்பெனி மாணவரின் வாழ்வை இன்று அறிய உதவும் முதன்மையான சான்றுகளுள் அந்நூலும் ஒன்று. ஒரு மாணவர் எழுதிவைத்தமையால் அப்பள்ளியின் வரலாறு நின்றது.

கலைந்த இடத்தில் முளைத்தவை

ஜெகந்நாதய்யர் கம்பெனியின் மாணவர் வரலாறு இதனோடு ஒப்பிடத்தக்கது. அங்கே பயின்ற டி. எஸ். ராஜமாணிக்கம் பின்னர் மதுரை தேவி பால விநோத சங்கீத சபையை நிறுவினார். 'பக்த ராமதாஸ்' நாடகத்தில் நவாப் வேடம் பூண்டமையால் நவாப் ராஜமாணிக்கம் என்றே அறியப்பட்டார். அவரது சபை காட்சியமைப்பின் சிறப்பாலும் கட்டுப்பாட்டாலும் பெயர்பெற்றது. எம். என். நம்பியார் சிறுவயதில் சேர்ந்து பயின்றது அச்சபையிலேதான். ஒரு பள்ளியின் மாணவர் மறுபள்ளியின் தலைவராக, அப்பள்ளி மூன்றாம் தலைமுறைக்கு வழிவிட்டது.

அதே ஜெகந்நாதய்யர் கம்பெனியில் இருந்த எம். ஆர். ராதா நடிப்போடு மின்விளக்கு வேலையிலும் இயந்திர வேலையிலும் கைதேர்ந்தவர். திருவாரூர் கே. தங்கராசு எழுதிய 'ரத்தக் கண்ணீர்' அவர் கையில் மேடையையும், 1954-இல் திரையையும் ஆண்டது. எஸ். வி. வெங்கட்ராமன் அங்கிருந்து இசைத்துறைக்குச் சென்று, 1945-இல் வெளிவந்த 'மீரா' படத்திற்கு இசையமைத்தார். ஒரே கம்பெனி வீட்டில் உண்டு வளர்ந்தவர் ஒருவர் சபைத் தலைவர், ஒருவர் நடிகர், ஒருவர் இசையமைப்பாளர். பல வேலையும் பழக்கிய பயிற்சியே பல வழிகளையும் திறந்தது எனலாம்.

மாணவர் ஒருவரையொருவர் கைவிடாமையும் எண்ணத்தக்கது. டி. கே. எஸ். சபையில் வளர்ந்த என். எஸ். கிருஷ்ணன் 1944-ஆம் ஆண்டின் இறுதியில் இலட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கைது செய்யப்பட்டுச் சிறை சென்றார், 1947-இல் விடுதலையானார். அவர் சிறையிலிருந்த காலத்தில் அவரது நாடக சபையை நடத்தியவர், அதே டி. கே. எஸ். சபை மாணவரான எஸ். வி. சகஸ்ரநாமம். அவர்களோடு பயின்ற மற்றொருவரான கே. ஆர். ராமசாமி பிரிந்து சென்று தனிச்சபை கண்டபோதும், அதற்குக் கிருஷ்ணன் நாடக சபை என்று நண்பர் பெயரையே இட்டார். அச்சபைக்காக அண்ணாதுரை எழுதியவையே 'வேலைக்காரி'யும் 'ஓர் இரவு'ம். சகஸ்ரநாமம் பின்னர் சேவா ஸ்டேஜ் என்னும் குழுவை அமைத்து, தி. ஜானகிராமனின் 'வடிவேலு வாத்தியார்', பி. எஸ். ராமையாவின் 'தேரோட்டி மகன்' போன்ற நாடகங்களை மேடையேற்றினார். தமிழ் எழுத்தாளரும் தமிழ் மேடையும் சந்திக்கும் இடமாக அக்குழு விளங்கியது.

ஒத்திகை இல்லாத நாடகம்

சபை தொடங்கும் வாய்ப்பு எல்லார்க்கும் கிட்டுவதன்று. கம்பெனி கலைந்து தனியே நின்ற நடிகர் பலருக்குப் புகலளித்தது 'ஸ்பெஷல் நாடகம்' என்னும் முறை. இதில் கம்பெனி இல்லை, முதலாளி இல்லை, ஒத்திகையும் இல்லை. ஊர்த் திருவிழாவுக்கு ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும், ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்தும், பபூன் மற்றோர் ஊரிலிருந்தும் வருவர். அன்று மாலை வரை ஒருவரையொருவர் கண்டிராதவரும் உண்டு. ஆயினும் இரவு பத்து மணிக்குத் தொடங்கும் 'வள்ளி திருமணம்' விடியும்வரை தடையின்றி நடக்கும்.

இது எங்ஙனம் இயலும்? எல்லாரும் ஒரே பாடத்தைக் கற்றிருந்தமையால் இயன்றது. சுவாமிகளின் நாடகப் பாடம் கம்பெனிக்குக் கம்பெனி பரவி, நடிகர் அனைவர்க்கும் பொதுச்சொத்தாயிற்று. ஒருவர் முதலடி எடுத்தால் மற்றவர் அடுத்த அடியை அறிவார். அப்பொதுப் பாடத்தின்மேல் தர்க்கமும் நகைச்சுவையும் அவரவர் திறமைக்கேற்ப வளர்ந்தன. செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் இம்முறையில் புகழின் உச்சியை எட்டினர்.

1920-களில் மதுரையில் நாடக நடிகர் சங்கம் தோன்றியது. பின்னர்ப் புதுக்கோட்டை, திண்டுக்கல், காரைக்குடி எனப் பல ஊர்களில் சங்கங்கள் எழுந்தன. நாடகம் வேண்டுவோர் நடிகரைத் தேடி வருவதற்கு ஓரிடமும், நடிகர்க்கு வழக்குத் தீர்ப்பதற்கு ஒரு மன்றமும் இதனால் அமைந்தன. சுவாமிகளை இச்சங்கங்கள் இன்றும் ஆசானாகவே போற்றிக் குருபூசை நடத்துகின்றன. கம்பெனிகள் மறைந்து பல பத்தாண்டுகள் சென்றபின்னும் தென்பாண்டி நாட்டுத் திருவிழாக்களில் அவரது நாடகங்கள் நடைபெறுகின்றன. கட்டடமும் முதலாளியும் இல்லாமலே ஒரு பாடத்திட்டம் நூறாண்டு நின்றதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

திரையைத் தேடிச் சென்றோர்

கொட்டகையைக் கைப்பற்றிய திரைப்படமே கொட்டகையில் பயின்றவரையும் அழைத்துக்கொண்டது. 1935-இல் 'மேனகா' படத்தில் டி. கே. எஸ். சபையினர் கூட்டமாகவே நடித்தனர். 1936-இல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய 'சதி லீலாவதி'யில் சிறு வேடத்தில் தோன்றியவர் ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி மாணவரான எம். ஜி. இராமச்சந்திரன். இலங்கையின் நாவலப்பிட்டியில் 1917-இல் பிறந்து, வறுமையால் தொடக்கப் பள்ளியோடு படிப்பை விட்டுக் கம்பெனி சேர்ந்த அவர், 1977-இல் தமிழ்நாட்டின் முதலமைச்சரானார். பிற்காலத்தில் மக்கள் அவரை 'வாத்தியார்' என்று அழைத்தபோது, கம்பெனி வீட்டுச் சொல் ஒன்று வீதிக்கு வந்தது.

அக்கம்பெனியின் ராஜபார்ட் நடிகர் பி. யு. சின்னப்பா குரல் உடைந்தபின் கம்பெனியை விட்டார். மனம் தளர்ந்து ஓய்ந்திராமல் இசையை முறையாகப் பயின்றார். சிலம்பமும் உடற்பயிற்சியும் கற்றார். 1940-இல் வெளிவந்த 'உத்தம புத்திரன்' படத்தில் இரட்டை வேடம் பூண்டு பெரும்புகழ் பெற்றார். மூடலுக்கும் மறுதிறப்புக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் ஒருவர் என் செய்தார் என்பதே அவர் பின்வாழ்வைத் தீர்மானித்தது என்பதற்கு அவர் எடுத்துக்காட்டு.

யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் கம்பெனியில் சிறுவனாகச் சேர்ந்து, பெண் வேடம் உட்படப் பல வேடங்களைத் தாங்கிய கணேசன், அண்ணாதுரை எழுதிய நாடகத்தில் மராட்டிய மன்னனாக நடித்தமையால் சிவாஜி கணேசன் ஆனார். நீண்ட வசனத்தை மூச்சு விடாது சொல்லும் திறம் அவருக்குத் திரைப்படத்தால் வந்ததன்று. கம்பெனி வீட்டுக் காலைப் பாடத்தால் வந்தது.

பெயர் தெரியாதோர்

இவ்வளவும் வென்றவர் வரலாறு. ஒரு கம்பெனியில் பிள்ளைகள் பலர் இருந்தனர்; நூல்களில் பெயர் நின்றவர் மிகச் சிலர். மற்றையோர் எங்கே? குரல் உடைந்து, எழுத்தறிவும் நிரம்பாது, வேறு தொழிலும் கல்லாது ஊர் திரும்பியவரை வரலாறு பின்தொடரவில்லை.

இதே காலத்தில் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் 1891-இல் நிறுவிய சுகுண விலாச சபை சிறந்து விளங்கியது. அதன் உறுப்பினர் வழக்கறிஞரும் அலுவலருமாகிய கற்றோர். சபை ஓராண்டு நாடகம் நடத்தாவிடினும் அவர்கள் உணவுக்கு வழி இருந்தது. பாலர் கம்பெனிப் பிள்ளைக்கோ மேடை மூடிய இரவே உலையும் அவிந்தது. இருவரும் கலைஞரே, இருவருக்கும் இடையே நின்ற வேறுபாடு பள்ளிக் கல்வி ஒன்றே. நாடகப் பயிற்சியைப் போற்றுவோர் இவ்வேறுபாட்டை மறத்தல் கூடாது.

இலண்டனிலும் மலாய் மேடையிலும்

இந்நிலை தமிழர்க்கு மட்டும் உரியதன்று. எலிசபெத் அரசியார் காலத்து இலண்டனிலும் சிறுவர் நாடகக் குழுக்கள் இருந்தன. செயின்ட் பால் பேராலயத்துச் சிறுவர் குழு 1590-ஐ ஒட்டி நிறுத்தப்பட்டு, பத்தாண்டுக்குப்பின் மீண்டும் தொடங்கியது. 1600-இல் பள்ளிக்குச் சென்றுகொண்டிருந்த தம் மகனைப் பிளாக்ஃபிரையர்ஸ் அரங்கினர் பிடித்துச் சென்றதாக ஹென்றி கிளிஃப்டன் என்பார் முறையிட்டார். அவ்வாறு பிடிக்கப்பட்டோருள் நேதன் ஃபீல்ட் என்னும் பள்ளி மாணவன் பெயரையும் அம்முறையீடு சுட்டியது. 1608-இல் அரசரின் சினத்திற்கு ஆளாகிப் பிளாக்ஃபிரையர்ஸ் சிறுவர் குழு அவ்வரங்கை இழந்தது. ஆயினும் ஃபீல்ட் நாடக ஆசிரியராகவும் நடிகராகவும் உயர்ந்தார். ஷேக்ஸ்பியரின் நாடகத் தொகுப்பு 1623-இல் வெளிவந்தபோது, அதன் முகப்பில் அச்சிட்ட முதன்மை நடிகர் பட்டியலில் ஃபீல்ட், ஆஸ்ட்லர், அண்டர்வுட் ஆகிய மூன்று பழைய சிறுவர் குழு மாணவரின் பெயர்கள் இடம்பெற்றன.

மலாயாவில் பங்சாவான் என்னும் இசை நாடகம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பினாங்கில் தோன்றியது. இந்தியாவிலிருந்து வந்த பார்சி நாடகக் குழுக்களின் தாக்கத்தால் எழுந்தது அது. தமிழ் நாடகக் கம்பெனிகளின் படுதாவும் காட்சியமைப்பும் அதே பார்சி மரபுக்குக் கடன்பட்டவை. 1934-இல் பி. எஸ். ராஜ்ஹான்ஸ் சிங்கப்பூரில் 'லைலா மஜ்னூன்' என்னும் மலாய்ப் படத்தை எடுத்தபோது நடித்தவர் பங்சாவான் கலைஞரே. பிற்காலத்தில் பங்சாவான் மேடைகள் குறைய, அதன் நடிகர் பலர் மலாய்த் திரைப்படத்துக்குச் சென்றனர். தமிழ்நாட்டில் நடந்தது இம்மண்ணிலும் நடந்தது.

தோட்டப் பள்ளிக்கு உரிய பாடம்

இவற்றை ஒருங்கே நோக்கின், மேடை மூடியபின் மாணவரைத் தாங்கியவை மூன்று எனத் தெளியலாம். முதலாவது, நெஞ்சில் நின்ற பொதுப் பாடம். சுவாமிகளின் நாடகம் எல்லார்க்கும் மனப்பாடமாக இருந்தமையால் கம்பெனி கலைந்தும் நாடகம் கலையவில்லை. இரண்டாவது, பல வேலை பழகிய கை. விளக்கும் இசையும் உடையும் அறிந்தவர்க்கு ஒரு கதவு அடைபட்டால் மறு கதவு இருந்தது. மூன்றாவது, உடன் பயின்றோரின் கூட்டு. சபையாகவோ, சங்கமாகவோ, சிறையிலிருக்கும் நண்பரின் பெயரைக் காத்தலாகவோ அக்கூட்டு வெளிப்பட்டது. இம்மூன்றோடு, அன்று பெரும்பாலோர்க்குக் கிட்டாது போன நான்காவதும் ஒன்று உண்டு. அது முறையான பள்ளிக் கல்வி. அது இல்லாமையாலேயே பலர் காணாமற்போயினர்.

கோலசிலாங்கூர்ப் பகுதியின் தமிழ்ப் பிள்ளைகள் இந்நான்காவதில் பாலர் கம்பெனிப் பிள்ளைகளினும் பேறுபெற்றவர். தோட்டம் கைமாறினும் அவர்கள் வேறு பள்ளியில் படிப்பைத் தொடர்கின்றனர். ஆயின் முதல் மூன்றும் தாமே வாரா. ஆண்டுவிழா முடிந்த மறுநாள் நாடகத் தாள் குப்பைக்குப் போனால், அடுத்த பள்ளிக்குச் செல்லும் பிள்ளை வெறுங்கையோடு செல்வான். அத்தாள் படியெடுக்கப்பெற்று அண்டைப் பள்ளிகளிலும் பயிலப்பெற்றால், இரண்டு தோட்டத்துப் பிள்ளைகள் ஒரே பள்ளியில் சேரும் நாளில் ஒருவர் எடுத்த அடியை மற்றவர் முடிப்பர். வேடமிட்ட பிள்ளை படுதாவும் கட்டப் பழகினால், மேடை இல்லாத இடத்தில் மேடை கட்டுவான். பழைய மாணவர் மன்றம் ஆண்டுக்கு ஒருமுறையேனும் கூடினால், மூடிய பள்ளியின் பெயர் முற்றும் அழியாது.

சுவாமிகள் மறைந்த புதுச்சேரியில் பிற்காலத்தில் எழுந்த பல்கலைக்கழகம் தன் நிகழ்கலைப் பள்ளிக்கு அவர் பெயரையே சூட்டியது. பட்டமும் பதவியும் பெறாத ஒருவர் பெயரால் ஒரு பல்கலைக்கழகத் துறை விளங்குவது, அவருடைய மாணவர் அவர் பாடத்தை மறவாமையால் நிகழ்ந்தது. அவர் கற்பித்த சபை எந்நாளோ மூடப்பட்டது. அவர் சொல்லிக்கொடுத்த நாரதர் இன்றும் திருவிழா மேடையில் தோன்றுகிறார்.